பன்னிரண்டு தட்டு

ஓஷ் சந்தையில் தெருவிளக்கு அணையுமுன்
பன்னிரண்டு தட்டு வாங்கினேன், தட்டுக்கு முப்பது.
ஒன்பதைப் பின்னிருக்கையில் போர்வை சுற்றி அடுக்கிவிட்டு
மிச்சம் மூன்றை என் மடியில் வைத்தான் மைராம்பெக்.
"மலையைப் பார்க்காதே அனார்குல், இதைப் பார்."
வாடகையில் பாதியைக் குறைத்தது அதற்குத்தான்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
முட்டைக்கு என்ன கனம்?
தொண்ணூறும் சேர்ந்து
நேற்றுப் பிறந்த ஆட்டுக்குட்டி அளவு.
பயம் மட்டும் ஒரு மந்தைக்கு உரியது.

தால்திக் கணவாய்.
கொண்டை ஊசி வளைவில் ஜீப் வலம் சாய்ந்தால் நான் இடம்,
அது இடம் என்றால் நான் வலம்.
பதினான்கு வருடமாக இந்தப் பாதையை
இடுப்பால் தெரியும் எனக்கு.
எதிரே நிலக்கரி லாரி.
மைராம்பெக் பிரேக்கை மிதிக்கவில்லை, கெஞ்சினான்.
இருந்தும் ஒன்று போனது,
விரலிடுக்கில் குளிராக வழிந்தது.
"எத்தனை?"
"ஒன்று."
"மோசமில்லை" என்று பாட்டை மாற்றினான்.

சாரி தாஷ் தாண்டி
மோட்டார் சைக்கிளைச் சாலையோரம் சாய்த்துவிட்டு
ஒரு வெளிநாட்டு ஜோடி தெற்கே பார்த்துப் படமெடுத்தது.
தெற்கே இருப்பது எனக்குத் தெரியாதா,
கடைச் சுவரில் மாட்டிய நாள்காட்டியில்
ஜூலை மாதம் முழுக்க அதுதானே.

கிசில் ஆர்ட். செங்கல்தூள் சிவப்பில் மண்.
சாவடியில் உதடு வெடித்த சிப்பாய்ப் பையன்
இறங்கச் சொன்னான்.
எல்லாத் தட்டையும் உள்ளே எடுத்துப் போனான்
எண்ணுவதற்கு.

வெளியே நின்றேன்.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
தலை தானாக நிமிர்ந்தது.

இத்தனை வருடமும் என் காதுக்குப் பக்கத்தில்
இருந்திருக்கிறது அது.
வெள்ளை, அதன்மேல் வேறொரு வெள்ளை,
உச்சியிலிருந்து அடிவரை
நீலமாய் ஒரு கோடு.
எனக்கு முதலில் தோன்றியது இதுதான்:
ஐயோ, விரிசல் விட்டிருக்கிறதே,
இதை யார் கணக்கில் எழுதுவது?

பிறகு நாள்காட்டி பொய் என்று தோன்றியது.
பிறகு ஒன்றும் தோன்றவில்லை.
கொஞ்ச நேரம்
எதையும் தாங்கிப் பிடிக்காமல் நின்றேன்.

"முந்நூற்று ஐம்பத்தொன்பது" என்று வந்தான் பையன்.
"நாலு எனக்கு."
"விரிசல் விட்டதாக நாலு."
"நல்லது ரெண்டு, விரிசல் ரெண்டு."
கணவாய்க்குக் கணவாய் முட்டை விலை ஏறுவது
இப்படித்தான்.

காராகுல் ஏரிக்கரையில் அடுப்பைப் பற்றவைத்தோம்.
இந்த உயரத்தில் தண்ணீர் அவசரமாகக் கொதிக்கும்,
முட்டை அவசரப்படாது.
அதனால் பொரித்தோம், விரிசல் விட்ட மூன்றை,
உப்பை மறந்துவிட்டு.
ஏரி அசையவில்லை. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் பச்சை.
இந்த முறை அதையும் பார்த்தேன்,
மைராம்பெக் பார்க்காதபோது.

அக் பைதால். வெள்ளைக் குதிரை என்று பெயர்.
குதிரையைக் காணோம், மூச்சும் பாதிதான்.
பிஸ்கட் பாக்கெட்டுகள் ஒவ்வொரு வளைவிலும் ஊதி ஊதி
உச்சியில் ஒன்று வெடித்தது, துப்பாக்கிபோல.
இப்போது நிஜமாகவே மிதித்தான்.
பின்னிருக்கை மொத்தமும் ஒரு முழம் முன்னே வந்து நின்றது.
இருவரும் திரும்பவில்லை.
சத்தத்துக்காகக் காத்திருந்தோம்.
காற்று மட்டும்.
"பாட்டைப் போடு" என்றேன்.

முர்காபில் என் கன்டெய்னர் கடையின் இரும்புக் கதவை
டார்ச் ஒளியில் திறந்தபோது
பள்ளிக்கூடச் சமையற்காரி ஜிபார்குல்
தோளில் பையோடு நின்றிருந்தாள்.
எண்ணினோம்.
போர்வைக்குள் ஒரு மூலையில் பதினொன்று
சத்தமில்லாமல் செத்திருந்தன.
மிச்சம் முந்நூற்று நாற்பத்தொன்று.
"பாதை எப்படி?" என்றாள்.
"புழுதி" என்றேன்.

இரவு படுத்தும்
இடமும் வலமும் சாய்ந்துகொண்டிருந்தது உடம்பு.
வயிற்றின்மேல் கைகள் குழிந்து கிடந்தன,
அவற்றில் வைக்க முடியாத அளவில்
ஒரு வெள்ளை.