முப்பத்தேழு

ராஸ் அல் கைமா. ஆகஸ்ட். காலை ஒன்பது.
ஓட்டல் குளத்து மோட்டார் நின்றுவிட்டது,
இந்த வாரம் மூன்றாம் தடவை.
பதினொரு மீன்கள் வயிற்றைக் காட்டி மிதக்கின்றன.
ஒன்றின் விலை உன் ரெண்டு மாசச் சம்பளம் என்று
ரோமெல் சொல்லிவிட்டுப் போனான்.
மிரட்டலில்லை, தகவல்.

கயிற்றைப் பிடித்து இழுத்தோம், நானும் மொக்லேஸும்.
பாசி படிந்த பானைபோல ஏறி வந்தது,
அடியில் மூன்று இறக்கை.
தண்டைச் சுற்றிப் பேரீச்சை நார்,
சடை பின்னியது மாதிரி அத்தனை இறுக்கம்.
பிளேடால் அறுத்தேன்.
விரலால் தட்டினால் வழுக்கிச் சுழன்றது.
இதுதான், இதேதான் என்றேன்.
இறக்கினோம். ஓடியது
இருபது நிமிஷம்.

சரி, முறையாக வா.
பிளக்கில் கரண்ட் உண்டு.
மெக்கர் வைத்தேன், கசிவு இல்லை.
கெப்பாசிட்டர் எழுதிய அளவைக் காட்டியது.
சீல் ஓரம் எண்ணெய்ப் பளபளப்பு? இல்லை.
பிரேக்கர் விழவில்லை, ஒயர் கருகவில்லை.
எல்லாம் சரியாக இருப்பதைப் போல
எரிச்சலூட்டும் கோளாறு வேறில்லை.

ஷார்ஜா ஏலத்தில் எடுத்த சரக்கு இது.
பின்லாந்தோ நார்வேயோ, பெட்டி கிழிந்திருந்தது.
கூடவே வந்த புத்தகத்தை அப்போதுதான் பிரித்தேன்.
முதல் பக்கத்தில் வெள்ளை ஏரி,
நடுவில் ஒரு படகு,
படகைச் சுற்றி மட்டும் கறுப்பாகத் தண்ணீர்.
அடியிலிருந்து நீரைக் கிளப்பி மேலே தள்ளி
பனியை நெருங்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான்
இதன் வேலையாம்.

கோளாறுப் பட்டியல் இப்படிப் போனது:
படகோரம் பனி உறைந்தால், ஆழத்தைக் கூட்டவும்.
கயிற்றில் பனி தொங்கினால், சுத்தியலால் தட்டவேண்டாம்.
சிரித்துவிட்டேன். மொக்லேஸ் என்னவென்று கேட்டான்.
பரஃப் என்றேன், குளத்தைக் காட்டி.
அவன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் ஒரு வரி:
தண்ணீர் இருபத்தைந்து டிகிரியைத் தாண்டினால் ஓட்டாதீர்.
சுற்றியிருக்கும் நீர்தான் இதற்கு விசிறி.
உள்ளே ஒரு வெப்பக் காவல்:
சூடேறினால் தானே நிறுத்தும்,
ஆறினால் தானே விடும்.

தெர்மாமீட்டரை இறக்கினேன்.
முப்பத்தேழு.
என் அக்குளில் வைத்தாலும் அதுதான் காட்டும்.

ரோமெலிடம் சொன்னேன்.
யோசித்தான். கிச்சனுக்குப் போன் போட்டான்.
டிராலியில் வந்தன, பதினெட்டு மூட்டை ஐஸ்.
உண்மையாகத்தான்.
பனி விரட்டும் மோட்டாரைச் சுற்றிப்
பனிக்கட்டியைக் கொட்டினோம்,
கல்யாண வீட்டில் அரிசி கொட்டுவதுபோல.
அது உறுமிக்கொண்டு எழுந்தது.
வந்த நாள் முதலாய்த் தனக்குத் தெரிந்த வேலையை
அன்றுதான் செய்தது.
வளையமாய்த் தள்ளியது, உருக்கியது, உருட்டியது.
மொக்லேஸ் ஒரு கட்டியைத் திருடி வாயில் போட்டான்.
நானும்.

கால் மணி நேரம்.
பிறகு குளம் மறுபடி குளம்.

பன்னிரண்டரைக்கு விசில் ஊதினார்கள்.
மூன்று வரை வெயிலில் யாரும் வேலை செய்யக்கூடாது.
விசிலுக்கு ஒரு நிமிஷம் முன்னால்
மோட்டார் டக்கென்று நின்றது.
இவனும் லேபர்தான் என்றான் மொக்லேஸ்.
பந்தலடியில் பாய் விரித்துப் படுத்தோம்.
ஈரத் துண்டை முகத்தில் போட்டும் தூக்கம் வரவில்லை.

மூன்று மணிக்கு டைமர் பொருத்தினேன்:
இரவு பத்து முதல் காலை ஆறு,
அரை மணி ஓட்டம், அரை மணி ஓய்வு.
குளத்தின் மேல் பச்சை வலை கட்டினோம்.
பதிவேட்டில் கோளாறு என்ற கட்டத்தில்
தண்ணீர் என்று எழுதினேன்.
ரோமெல் அடித்துவிட்டு வெப்பக் காவல் என்று எழுதினான்.
கையெழுத்து என்னுடையது.

மறுநாள் காலை
மிதந்தவை இரண்டு.