எட்டுப் போடுதல்

காரைக்குடி சிட்கோவில் ஏழாம் எண் கொட்டகை.
மே மாதம்.
வெளியே தார் உருகுகிறது.
உள்ளே எங்களுக்கு
ஒரு செம்புத் தகட்டை உருக்கத் தெரியவில்லை.

செம்பு பிடிவாதக்காரி.
கண்ணுக்குத் தெரியாத அந்த லேசரில்
நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை
வாசலோடு திருப்பி அனுப்புகிறாள்.
கீழே அலுமினியம்,
கேட்பதற்கு முன்பே இளகிவிடுகிற ரகம்.
இரண்டும் ஒட்டினால்தான் பேட்டரிக்குக் காது.
‘கல்யாணம் மாதிரின்னு சொல்லுங்க’
என்றார் கடன் கொடுத்த வங்கியின் மேலாளர்.
இல்லை சார்.
இந்த ஊர்க் கல்யாணத்தில் நிறைய எண்ணுவார்கள்,
மில்லிமீட்டரைப் பத்தாக வெட்டி
அளக்க மாட்டார்கள்.

நேர்கோட்டில் ஓட்டிய வாரங்களில்
மேலே தையல் பளபளத்தது.
வெட்டி, தேய்த்து, அமிலம் தடவி
மைக்ராஸ்கோப்பில் வைத்தால்
வெள்ளைப் பணியாரத்தைப் பிட்ட மாதிரி
உள்ளெல்லாம் பொத்தல்.
கதிர் தோண்டுகிற சாவித்துளை
மூடிக்கொள்வதற்குள்
ஆவி வெளியேற வேண்டும்.
நேராகப் போகிற எதுவும்
யாருக்காகவும் நிற்பதில்லை.

அடைக்கம்மைதான் சொன்னாள்:
ஆட்டி ஓட்டிப் பாரேன்.
நகத்தளவு கண்ணாடிகள் இரண்டு,
அவற்றைத் திருப்ப இரண்டு மோட்டார்.
முதலில் வட்டம். பிறகு எட்டு.
நொடிக்கு இருநூறு எட்டு,
ஒவ்வொன்றும் ஒரு கடுகுக்குள் அடங்கும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஆர்.டி.ஓ. மைதானத்தில்
மூன்று முறை எட்டில் தோற்றவள் நான்.
‘கால் ஊன்றிட்டீங்கம்மா,
அடுத்த மாசம் வாங்க.’
வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற
பாலிடெக்னிக் பையன்கள் எல்லோரும்
சொல்லிவைத்தாற்போல் வானத்தைப் பார்த்தார்கள்.

கதிருக்குக் கால் கிடையாது.
ஆனால் மற்ற எல்லாப் பிடிவாதமும் உண்டு.
அலைவீச்சைக் கூட்டினால்
செம்புக்குச் சூடே உறைக்கவில்லை.
குறைத்தால் மறுபடியும் பணியாரம்.
குளிர்விக்கிற பெட்டிக்குச்
சம்பை ஊற்றுத் தண்ணீர் கூடாதாம்.
ஊரே வண்டி கட்டிப்போய்ப் பிடிக்கும் தண்ணீரை விட்டுவிட்டு
ருசி செத்த நீரை
மதுரையிலிருந்து கேனில் வரவழைத்தோம்.
இருபத்தேழாம் தகட்டில் கரண்ட் போனது.
முப்பத்து நான்கில்
மண் லாரி ஒன்று சுவரோரம் திரும்பியது;
அதன் குலுக்கல்
தையலில் இன்னும் பதிந்திருக்கிறது,
கையெழுத்து மாதிரி.

நாற்பத்தொன்றை இழுவைப் பொறியில் மாட்டினோம்.
முள் ஏறியது. இன்னும் ஏறியது.
டப்பென்று ஒரு சத்தம்.
கிழிந்தது செம்பு,
தையலுக்கு ஒரு விரல் தள்ளி.
தையல் அப்படியே இருந்தது.
யாரும் கை தட்டவில்லை.
ஜபருல்லா நான்கு டீ சொன்னார்,
நாங்கள் மூன்றே பேர் என்பது
டீ வந்தபிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கு மாலை
அந்தப் பாதையின் வரைபடத்தை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வளைவுகளில் கதிர் மெதுவாகிறது,
அங்கேதான் தங்கிச் சுடுகிறது.
தன் தடத்தைத் தானே வெட்டும் நடுப்புள்ளியில்
அதற்கு உச்ச வேகம்.
நான் நேர் எதிர்.
வளைவில் பறப்பேன்,
என் தடத்தை நானே குறுக்கே கண்டதும்
கை பிரேக்கைத் தேடும்.

ஆறு மணிக்கு
கொட்டகைக்குப் பின்னாலிருந்த செம்மண் தரையில்
ஸ்கூட்டரை எடுத்தேன்.
முதல் வளைவு, மெதுவாக.
நடுப்புள்ளி வருகிறது,
முறுக்கு, முறுக்கு என்று எனக்கே சொல்லி
முறுக்கினேன்.
கடந்துவிட்டேன்.
இரண்டாம் வளைவில்
இடது செருப்பு தரையில் ஒரு சாண் இழுபட்டது.

ஜன்னலுக்குள்ளிருந்து
பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி
ஜபருல்லா கத்தினார்:
‘அலைவீச்சு ஜாஸ்தி!’