ஆண்கள் அறுவை – 2

எங்களுக்குக் கடல் கிடையாது.
கரை என்றால் கண்மாய்க்கரைதான்.
அதுவும் சித்திரை கழிந்துவிட்டால்
நடுவில் தாம்பாளம் அளவுக்குத் தண்ணீர்,
சுற்றிலும் அப்பளமாய் வெடித்த சேறு.
அதன்மேல்
சேலை நனையாமல் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தவர்கள்போல
நடந்து போகும் பவளக்கால் உள்ளான்கள்.

காலை ஐந்தரைக்குச் சாமநத்தம் மடையருகே
ஸ்கூட்டியைச் சாய்த்துவிட்டு நிற்பேன்.
எருமை ஓட்டி வரும் மாயழகு கேட்பார்:
"இன்னைக்காச்சும் வந்துச்சா?"
வரவில்லை.

ஆலா.
போன வருஷம் ஒரே ஒரு நாள்.
கத்தரி வைத்த வால், எலுமிச்சை நிற அலகு,
மைக்குப்பி கவிழ்ந்த தலை.
கடலிலிருந்து வழி தவறியதா,
வைகை வழியே விலாசம் விசாரித்து வந்ததா, தெரியாது.
மூன்று முறை தண்ணீரில் விழுந்து
நான்காம் முறை மீனோடு எழுந்து
விமான நிலையத்துப் பக்கமாய்ப் போனது.
அதற்காகத்தான் இந்த மே மாதம் முழுக்க.

இரவு வேறு.
டியூட்டி முடிந்து ஒன்பதரைக்கு வந்து
மொட்டைமாடிக் கொடியில் விரிப்பைக் கட்டுவேன்.
கழித்துப் போட்ட வார்டு விரிப்பு.
எத்தனை வெளுத்தும் முத்திரை போகவில்லை:
ஆண்கள் அறுவை – 2.
முன்னால் ஒரு பாதரச விளக்கு.
கீழ்வீட்டுக் கமாலுதீன் பாய்
மீட்டர் பெட்டியை ஒரு பார்வை, மாடியை ஒரு பார்வை.
"என்னம்மா, பூச்சிக்குக் கல்யாணமா?"

வருவார்கள்.
பெயர் தெரியாதவர்களுக்கு நானே பெயர்:
ரேஷன் அரிசி. பழைய பத்து ரூபாய்.
வெற்றிலைக் காம்பு. வடை மடித்த காகிதம்.
அரளிப் பருந்து மட்டும் சொந்தப் பெயரோடு வந்தது,
தெப்பக்குளத்துப் பாசிப்படியைப்
பெயர்த்துப் போர்த்தியதுபோல் ஒரு பச்சை.
கிளம்புமுன் நடுங்கும்.
நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கை போகும் எனக்கு.
காய்ச்சல் இல்லை,
எஞ்சினைச் சூடேற்றுகிறது.
கட்டில் எண் போட்டு எழுதிக்கொள்வேன்.
பழக்கதோஷம்.

இருபத்தோராம் தேதி. நாற்பத்தாறு பேர்.
அசதி. விளக்கை அணைக்காமல்
தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டேன்.

விழித்தால் வெளிச்சம்.
கொடியில் கரிச்சான்.
ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டர் மாதிரி
வலது மூலையில் ஆரம்பித்து
ஒவ்வொருவராய்.
கொத்தும். கம்பிக்குப் போகும்.
இறக்கையைத் தட்டி உதிர்க்கும். விழுங்கும்.

விரட்டத்தான் எழுந்தேன்.
கையில் பைனாகுலர் இருந்தது.

அலகு சேருமிடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு,
கறுப்புக்குள் ஓடுகிற நீலம்,
இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை.
வாயில் பாதி அரளிப் பருந்தோடு
பாய் வீட்டு வேப்பங்கவைக்குப் போனது.
அங்கே திறந்திருந்தன
மூன்று சிவப்பு வாய்கள்.

தரையில் இறக்கைகள்.
எண்ணினேன். பச்சையில் இரண்டு.
துடைப்பத்தை எடுத்தேன், வைத்தேன்,
காற்று பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

இப்போது நாலரைக்கு அலாரம்.
விளக்கை அணைத்து, விரிப்பை மெல்ல உதறி
முருங்கைக்கும் செம்பருத்திக்கும்
டிஸ்சார்ஜ் செய்து அனுப்புகிறேன்.
ஐந்தேகாலுக்குக் கரிச்சான் வந்து
வெறுங்கொடியில் உட்கார்ந்து
என்னையே பார்க்கிறது,
வட்டிக்கு விட்டவர் பார்வை.
ஒருநாள் விட்டு ஒருநாள்
ரேஷன் அரிசி ஐந்தாறை
மறந்ததுபோல் விட்டுவைக்கிறேன்.
ஏன் ரேஷன் அரிசி, ஏன் பச்சை இல்லை
என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டால் பதில் இல்லை.

அடுத்த வாரம் மடையருகே மாயழகு:
"செவ்வாக்கிழமை எங்க போன?
வெள்ளையா ஒண்ணு, வாலு வெட்டுனாப்ல,
தண்ணிக்குள்ள பொத்துப் பொத்துன்னு விழுந்துச்சே."
செவ்வாய், இருபத்தொன்று.
கொக்காகக்கூட இருக்கலாம்.
கொக்கு பொத்தென்று விழாது.

நோட்டில் எழுதினேன்:
ஆலா, ஒன்று, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
பார்த்தவர்கள்: மாயழகு,
மற்றும் பதினோரு எருமைகள்.