இருவர் தேவை

டுலூத்தில் பிப்ரவரி. நிலவறையில்
பதினொரு பெட்டிகளைப் பிரித்துப் போட்டிருந்தான் வைனோ.
தாளின் முதல் பக்கத்தில் இரண்டு மனித உருவங்கள்;
ஒற்றை உருவத்தின் மேல் பெருக்கல் குறி.

ஏழாம் படிவரை
தூணுக்குத் தலையால் முட்டுக்கொடுத்தான்.
பிறகு போய்த் தட்டினான்,
பனியை யார் பக்கம் தள்ளுவதென்று
மூன்று குளிர்காலம் பேசாதிருந்த கதவை.

டெல்மர் வந்தான்,
பனியில் வீட்டுச் செருப்போடு, கையில் ஸ்பேனர்.
"பிடி." "இன்னும் மேலே." "விட்டுடாதே."

நள்ளிரவில், எடைத்தட்டுகள் ஏறிய பின்,
கம்பிவடம் ஒரு சாண் குறைந்தது.
ஒன்பதாம் படியில் கப்பி தலைகீழ்.
மாட்டியது யாரென்று இருவருக்கும் தெரியும்.
கழற்றினார்கள்.

எல்லாம் கோத்த பிறகே
போல்ட்டுகளை இறுக்கவும் என்கிறது தாள்.
இறுக்கினார்கள்.

மிஞ்சிய ஒற்றை வாஷரைச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
டெல்மர் சொன்னான்:
"எங்கேயாவது ஆடும். கூப்பிடு."