ஒன்பதில் தொடங்கும் தெரு

எங்கள் தெருவில் ஒன்றாம் நம்பர் வீடு கிடையாது.
புதிதாக மாற்றலாகி வரும் தபால்காரர்
சைக்கிளை மணலில் சாய்த்துவிட்டுக்
கையில் கடிதத்தோடு கடலைப் பார்த்து நிற்பார்.
"ஒம்போதுலருந்துதான் சார் ஸ்டார்ட்டு" என்போம்.
அதில் எங்களுக்கு ஒரு கெத்து.

ஒன்று நான் பிறக்குமுன்பே போய்விட்டது.
இரண்டும் மூன்றும் ஒரே ராத்திரி.
நான்கில் ஒரு சுவர் மட்டும் ரொம்ப நாள் நின்றது,
பச்சை பெயின்ட், நடுவில் காலண்டர் ஆணி.
அடுத்த அலை ஆணியைத் தொடுமா தொடாதா?
தேன்மிட்டாய் பந்தயம் கட்டுவான் லூர்துராஜ்.
தொட்டால் கைதட்டுவோம்.
அந்த வீட்டுப் பையனும் தட்டுவான்.

ஒரு பக்கம் கடல்.
மறுபக்கம் எண்ணூர் ரோடு,
துறைமுகத்துக்குக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரிகள்.
சில நாள் வரிசை நகரவே நகராது.
டிரைவர்கள் சக்கரத்துக்கு நடுவே ஸ்டவ் வைத்துத்
தக்காளி தாளிப்பார்கள்.
நாங்கள் தண்ணீர் லாரியில் பிடித்ததைப் பாட்டிலில் ஊற்றி
அவர்களுக்கே விற்போம்.
கணக்கு பிலோமினாவிடம். ஆறாம் நம்பர் வீடு.
மீதிச் சில்லறையை ஒரு நாளும் மறந்ததில்லை,
நாமக்கல்காரர் ஒருவர் வேண்டாம் என்றும்
ஓடிப்போய்க் கொடுத்தாள்.

ஆட்டத்தையும் அவள்தான் கண்டுபிடித்தாள்.
பெட்டி மேல் நாலு எழுத்து, ஏழு எண்.
கடைசி எண் மட்டும் ஒரு கட்டத்துக்குள் இருக்கும்.
முதல் ஆறையும் கூட்டு.
ஒத்தப்படை வந்தால் எனக்கு,
ரெட்டைப்படை அவளுக்கு.
கட்டத்துக்குள் இருப்பதைத் தொடக்கூடாது,
"அது பொட்டியோட பங்குடி."
நாலாம் வகுப்பில் கணக்கில் நூறு வாங்கினேன்.
யார் சொல்லிக்கொடுத்தது என்றார் டீச்சர்.
ரோடு, என்றேன். முட்டி போட வைத்தார்.

அம்மா துணிகளை உள்பக்கம் திருப்பித்தான் காயப்போடுவாள்.
புகைபோக்கிக் கரி
உடம்பில் படும் பக்கம் படியட்டும்,
ஊர் பார்க்கும் பக்கம் வெள்ளையாக இருக்கட்டும்.
முழுவருடப் பரீட்சைக்கெல்லாம்
முதுகு அரித்தபடியே எழுதியிருக்கிறேன்.

ஐந்து போன மறுவாரம்
பிலோவின் அப்பா கதவுகளைக் கழற்றினார்.
கீல், தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி,
கடைசியில் கரண்ட் மீட்டர்.
கதவில்லாத வீட்டில் மூன்று நாள் படுத்தார்கள்.
நான்காம் நாள் விடியலில் போய்ப் பார்த்தேன்,
அடுப்பங்கரையில் கணுக்கால் தண்ணீர்,
அதில் ஒற்றைச் செருப்பு
வாசலுக்கும் சுவருக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தது.
அவளுடையது இல்லை. யாருடையதோ.

பிறகு ஏழு. பிறகு எட்டு.
பிறகு பாறை ஏற்றிய லாரிகள் வந்தன.
அவற்றிலும் நம்பர் இருந்தது.
தனியாகக் கூட்டிப் பார்த்தேன்,
ஜெயித்தாலும் யாரிடம் சொல்ல?

இப்போது தண்டையார்பேட்டை தாண்டியதும்
மெட்ரோ மேலே ஏறிவிடுகிறது.
ஏசி குளிரில் கண்ணாடிக்கு வெளியே
முழுக் கடல்.
பக்கத்து சீட்டில் ஒருவர் போனில்
கடல் தெரிகிற ஃபிளாட்டுக்கு விலை பேசுகிறார்.
பத்தாம் நம்பர் மாடியில் தெரிந்த நீல டேங்க்
கண்ணில் பட்டு, அடுத்த நொடி காணோம்.
சொல்லத்தான் நினைத்தேன்.
ஸ்டேஷன் வந்துவிட்டது.

போன ஞாயிறு லூர்துராஜிடம் நம்பர் வாங்கிப் போட்டேன்.
பிலோ பெரும்பாக்கத்தில், ஏழாவது மாடி.
லிஃப்ட் ஓடாதாம். ரேஷன் கடையில் பில் போடுகிறாளாம்.
கடல் தெரியுமா என்றேன்.
"தெரியாது. ஜாலியா தூங்குறேன்."
பின்னால் குக்கர் கத்தியது.
ஏதோ கேட்க வாயெடுத்து நிறுத்தி,
பிறகு கேட்டாள்:
"நம்ம தெரு இப்போ எதுலருந்துடி?"

பாறை போட்டதிலிருந்து நகரவில்லை, ஒன்பதுதான், என்றேன்.

"ஒம்போதா?
ஒத்தப்படை.
அப்போ நீதான் கெலிச்ச" என்றாள்.
மூன்றாவது விசில்.
வைத்துவிட்டாள்.