வரிசை 288

ஆறாம் தேதி இரவு, பத்தே கால்.
பாயான் லெப்பாஸ் மழை ஐந்தாம் மாடிக் கண்ணாடியில் வழிகிறது.
என் திரையில் நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.
ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் என்கிறது சட்டம்.
தொழிற்சாலைக்கு எப்போதும் ஏழாவது நாள்தான் பிடிக்கும்.

பணம் மாலை நான்குக்கு வந்துவிட்டது.
எங்கள் கணக்கில் ஓர் இரவு தங்கும்,
விருந்தாளியின் பெட்டி மாதிரி.
திறக்கக் கூடாது.
போன மாதம் முதலாளி கேட்டார்:
"ஆபீஸ் வாடகைக்கு இரண்டு நாள் எடுத்துப் புரட்டினால்?"
நான் நிமிர்ந்து பார்த்தேன்.
விளையாட்டுக்கு என்றார்.
இருவரும் சிரித்தோம், அவர் கொஞ்சம் முன்னதாக.

வரிசை 288. தேக் பகதூர் ராணா.
மெத்தை, தலையணை, காற்றாடி: நூற்று நாற்பது ரிங்கிட் கழிவு.
காரணம் என்ற கட்டத்தில் "வழக்கம்போல்".

வழக்கம்போல் என்று சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை.
அவன் எழுதிக் கேட்ட கடிதம் எங்கே,
தொழிலாளர் இலாகாவின் அனுமதி எங்கே
என்று கேட்டு அனுப்பினேன்.

திரு. ஊய் உடனே அழைத்தார்.
"மிஸ் செண்பகா, உங்கள் வேலை கணக்குப் போடுவது.
கேள்வி கேட்பதற்கு எனக்கு மனைவி இருக்கிறாள்."
"கோப்பு என் கையெழுத்தோடு வங்கிக்குப் போகிறது, சார்."
அந்தப் பக்கம் எதையோ உறிஞ்சும் சத்தம்.
பிறகு அதுவும் இல்லை.

பத்தொன்பது வயதில்
பட்டர்வொர்த்தில் ஒரு பேரங்காடியில் கல்லாவில் நின்றேன்.
தொள்ளாயிரம் சம்பளம்.
மாதம் தொண்ணூற்றொன்பது ஈ.பி.எஃப். என்று பிடித்தார்கள்,
பதினோரு மாதம்.
ஆண்டறிக்கை வந்தது.
என் பெயர் பிழையில்லாமல் இருந்தது,
அடையாள அட்டை எண்ணும்.
கீழே பூஜ்யம்.
கழித்தது எங்கே கூடியது என்று
இன்றுவரை தெரியாது.

இதை ஊயிடம் சொல்லவில்லை.
சட்டம் போதும் அவருக்கு.

பதினொன்று பத்துக்கு ஒரு குறுஞ்செய்தி: "சரிலா. எடுத்துவிடு."
எடுத்தேன்.
சம்பளச் சீட்டை மறுபடி ஓட்டினேன்.
அந்தக் கட்டத்தில் இப்போது ஒரு பூஜ்யம்,
எனக்கு வந்த அதே உருண்டைதான்,
சரியான இடத்தில்.

ராணாவுக்கு எதுவும் தெரியப் போவதில்லை.
காலையில் போன் அதிரும், பார்ப்பான்,
ஊருக்கு அனுப்புவான்.

எனக்குப் பதினைந்தாம் தேதி இருக்கிறது:
ஈ.பி.எஃப்., சொக்சோ, வரி.
கடைசிப் பேருந்து போய்விட்டது.
கிராப் பதினெட்டு ரிங்கிட்,
மழைக்கு நாலு கூடுதல்.
இதை யார் சம்பளத்திலும் கழிக்க முடியாது.