பத்தொன்பதுக்கு மேலே

கரிநாள் என்கிறது
கைப்பேசியிலுள்ள பஞ்சாங்கம்.
இருக்கட்டும்.
நான் கரியோடுதான் வேலை செய்கிறேன்.

ஆக்ஸ்பர்க்கில் பிப்ரவரி.
நிலவறை ஆய்வகத்தின் சன்னலில்
சைக்கிள் சக்கரங்கள் மட்டும் தெரியும்,
அவற்றில் ஒட்டிய சேற்றுப்பனியும்.
உள்ளே, சுண்டுவிரலினும் மெல்லிய குவார்ட்ஸ் குழலில்
ஒரு சிட்டிகைக் கறுப்பு:
அறுபது கார்பன் அணுக்கள் கைகோத்த பந்துகள்,
இடுக்குகளில் பொட்டாசியம்.
காற்றுப் பட்டால் செத்துப்போகும்.
குழலின் வாயைத் தீயில் உருக்கி மூடியிருக்கிறோம்.

ஹீலியம் குளிர் இறங்குகிறது.
நாற்பது கெல்வின். முப்பது. இருபத்தொன்று.
திரையில் கோடு
ஆளில்லாத தெரு மாதிரி நேராகப் போகிறது.
பத்தொன்பதில்
படியில் கால் தவறியதுபோல் விழுகிறது.

விழுந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம்.
குளிர்ந்தபின் வந்த காந்தப்புலத்தை
கரி வாசலிலேயே நிறுத்திவிட்டது என்று பொருள்.
முன்பே உள்ளே குடியிருந்த புலத்தை
முழுசாக வெளியேற்ற அதனால் முடியாது.
பொடி அல்லவா, சந்துபொந்து அதிகம்.

சிக்கல் அதற்கு மேலே.
நூறிலும் இருநூறிலும் அறையின் வெப்பத்திலும்
போன வழியே திரும்பாத ஒரு கோடு,
நடுவே ஊசிக்காது அளவு இடைவெளி.
கரிக்குக் காந்த ஞாபகமா?
ரோஸ்விதா நான்கு இரவு தூங்கவில்லை.
கட்டுரைக்குத் தலைப்பும் வைத்துவிட்டாள்,
முதலில் கேள்விக்குறியோடு,
பிறகு கேள்விக்குறி இல்லாமல்.

வெறும் குழலை அளந்தேன். ஒன்றுமில்லை.
பொட்டாசியம் சேராத பொடியை அளந்தேன்.
அதே ஊசிக்காது.

தாளில் பொடியைப் பரப்பி
அடியில் காந்தத்தை நகர்த்தினேன்.
கறுப்பு அசையவில்லை.
அசையவேயில்லை.
ஒரே ஒரு துகள்
எழுந்து நின்று
என் கையோடு நடந்தது.

இரும்பு பிடித்த கை சும்மா இருக்காதாம்.
எங்கள் இடுக்கி எஃகு.
மலிவு என்று வாங்கியது நான்.

நடைவழி முழுக்கச் சொல் தேடிப் போனேன்.
முகத்தில் கரி என்பதை
ஜெர்மனில் எப்படிச் சொல்வது?
ரோஸ்விதா வெகுநேரம் அந்தத் துகளைப் பார்த்தாள்.
காந்தத்தை என்னிடமிருந்து வாங்கி
அதை இடமும் வலமும் நடக்கவிட்டாள்,
நாய்க்குட்டியை நடத்துவதுபோல.
'தலைப்பு நன்றாக இருந்தது' என்றாள்.

இப்போது நள்ளிரவு.
கடைசி டிராம் போய்விட்டது.
புதுப் பொடி, புதுக் குழல், பிளாஸ்டிக் இடுக்கி.
முன்னூறிலிருந்து இறங்கி வருகிறோம், கோடு நேராக இருக்கிறது.
இருபத்தொன்று. இருபது.
அவள் திரையைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்க்கிறாள்,
கோடு விழுந்துவிட்டதா என்று.